சிவப்புப் பட்டன் என்கிற கறார் வாத்தியார்!

உலகத்தில் நம்மைப் பற்றி முகத்துக்கு நேரே உண்மை சொல்கிறவர்கள் மூன்றே பேர்தான். ஒருவர், முடி வெட்டி முடித்ததும் பின்னந்தலைக்குப் பின்னால் கண்ணாடி பிடிக்கும் சலூன்காரர். இரண்டாமவர், வருஷக் கடைசியில் அப்ரைசல் எழுதும் மானேஜர் (அவர் உண்மையைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்வார்!). மூன்றாவது, நம் செல்போனுக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னச் சிவப்புப் பட்டன். ரெக்கார்டிங் பட்டன்!

முதல் இருவரிடமாவது பேரம் பேசிப் பார்க்கலாம். மூன்றாமவரிடம் அது நடக்காது.

நான் கிளாசிகல் கிதார் வாசிக்கிற ஆசாமி. பகலில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதரைக்கு மேல் கிதார். எங்கள் மாஸ்டர் தன் மாணவர்களை வைத்து ஒரு சின்ன ஹாலில் கச்சேரி ஏற்பாடு செய்தார். அறுபது நாற்காலி. எனக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிஷம், மூன்று உருப்படி. தயாராக ஆறு வாரம்.

“ஹாலுக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருபது தடவை ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க சார். அதுக்கப்புறம் ஹால் ஒண்ணும் பண்ணாது” என்றார் மாஸ்டர். அந்த ஆறு வாரத்தில் தெரிந்துகொண்ட விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை. கிதார்தான் என்றில்லை... வீணை, வயலின், புல்லாங்குழல், ஏன், ஆபீஸ் ஆண்டு விழாவில் பேசப் போகிறவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

‘சினிமாப் பாட்டு வாசிப்பீங்களா?’

கிளாசிகல் கிதார் என்றதுமே எதிராளி கேட்கிற முதல் கேள்வி இதுதான். தோளில் பெல்ட் போட்டு மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வில்லையால் ‘ஜாங் ஜாங்’ என்று இழுப்பது வேறு ஜாதி. இது ஸ்பெயின் நாட்டுப் பக்கத்து சமாச்சாரம். நைலான் தந்தி. ஒரு சின்ன முக்காலியில் இடது காலைத் தூக்கி வைத்து, வெறும் விரலாலேயே மீட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை ஆட்டுக்குடல் நரம்பில்தான் வாசித்தார்கள். 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் தந்தியைக் கொண்டுவர, ஸ்பானிஷ் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா (1893-1987) அதை உலகம் பூரா மேடையேற்றினார்.

நம்ம ஊருக்கும் இதற்கும் உறவு உண்டு. இளையராஜா, லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிகல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரின் பெயர் சென்னையில் கிதார் தொடுகிற யாருக்கும் தெரியும்.

இதில் ஒரு சங்கடம், நகம். இடது கையில் ஒட்ட வெட்ட வேண்டும். வலது கையில் வளர்த்து, அரத்தால் தேய்த்து, வழவழவென்று வைத்துக்கொள்ள வேண்டும். தந்தியை மீட்டுவது அந்த நகம்தான். வலது கையால் சாம்பார் சாதம் பிசைகிற தேசத்தில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று ஸ்பெயின்காரர்களுக்குத் தெரியாது! மஞ்சள் பூத்த நகத்தோடு ஆபீஸில் ஃபைலை நீட்டினால், “என்னய்யா, ஒரு கையில மட்டும் நகம்... ஏதாச்சும் வேண்டுதலா?” என்கிறார் மானேஜர். அப்படித்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நம் காது நமக்கு வக்கீல்

சரி, எதற்கு ரெக்கார்டிங்? வாசிக்கும்போதே காதில் விழுகிறதே, போதாதா?

போதாது. இரண்டு காரணம்.

முதலாவது, நாம் உட்காரும் இடம். கிதாரின் முகம் எதிரே இருக்கிறவரைப் பார்க்கிறது. நம் காதோ அதற்கு மேலே, பின்பக்கம். போதாக்குறைக்கு மரப்பெட்டி நம் நெஞ்சில் சாய்ந்திருப்பதால் அதன் அதிர்வு உடம்பு வழியாகவும் ஏறுகிறது. நமக்குக் கேட்பது ஒரு கிதார். மூன்றாவது வரிசையில் இருக்கிறவருக்குக் கேட்பது வேறொரு கிதார். அவர் காதை நாம் கடன் வாங்க ஒரே வழி, எதிரே ஒரு மைக்கை வைப்பது.

இரண்டாவது காரணம், மூளை. வாசிக்கும்போது மூளைக்குத் தலைக்கு மேல் வேலை. அடுத்த விரல் எங்கே, அடுத்த சுரம் எது என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில், ‘எப்படி வாசிக்கிறோம்?’ என்று கேட்டால், ‘பிரமாதம் சார்!’ என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடும். வாசிக்க நினைத்ததையும் வாசித்ததையும் ஒன்றாகக் குழைத்துவிடும். நம் காது நமக்காக வாதாடுகிற வக்கீல். ரெக்கார்டர்தான் ஜட்ஜ்.

குக்கரும் குயிலும்

பெரிய ஆட்களின் ரெக்கார்டிங்கே இடத்தைப் பொறுத்ததுதான். இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் (1933-2020) தன் புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பலவற்றை, வில்ட்ஷயரில் வார்டர் என்ற ஊரின் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார். அந்தக் கட்டடத்தின் கார்வைக்காக! நமக்கு வாய்த்தது, ஒன்பதுக்குப் பத்து படுக்கையறை.

அதுவும் மோசமில்லை. மெத்தை, தலையணை, திறந்து வைத்த துணி பீரோ எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். ஹாலில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் சேர்ந்து சத்தத்தைப் பந்து விளையாடும். குளியலறையில் வாசித்தால் செகோவியாவே வந்த மாதிரி இருக்கும். நம்பாதீர்கள், அது ஈரச் சுவரின் முகஸ்துதி!

அடுத்து, மின்விசிறி. நம் காது அதை மறந்து இருபது வருஷமாகிறது. மைக் மறக்காது. ஒவ்வொரு நிசப்தத்துக்கும் அடியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாய் விரித்துப் படுத்திருக்கும். அதனால் ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று புரியும்.

அப்புறம் தெரு. பழைய பேப்பர்க்காரரின் ஒலிபெருக்கி, ஆடி மாத அம்மன் கோயில், மாடி வீட்டு மிக்ஸி, விடிகாலையில் பதிவு செய்தால் குயில்... எல்லோருக்கும் நம் ரெக்கார்டிங்கில் ஒரு பங்கு உண்டு. வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

“ஏங்க, மூணு விசில் வந்தாச்சு. இனிமே நீங்க ஆரம்பிக்கலாம்!”

செல்போனை விமான மோடில் போடுவது முக்கியம். பதினோரு நிமிஷம் சொக்கத் தங்கமாகப் போய், கடைசி நிமிஷத்தில், “சார், பர்சனல் லோன் தேவைப்படுதா?” என்று ஒரு குரல் வந்தால், அப்புறம் எந்த லோனாலும் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது.

போனை எங்கே வைப்பது?

ஆயிரக்கணக்கில் செலவழித்து மைக் வாங்க வேண்டியதில்லை. பயிற்சிக்குப் போன் போதும். ஆனால், வைக்கிற இடத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

கிதாரின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கிறதல்லவா... எல்லோரும் அதற்கு நேரே மைக்கை நீட்டுவார்கள். அங்கிருந்து வருவது ‘பொம் பொம்’ என்கிற கனத்த சத்தம். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தை, அதாவது 12-வது கட்டையை, குறி வையுங்கள். தூரம் மூன்று அடி. நாலு புத்தகத்தை ஸ்டூல் மேல் அடுக்கி அதன் மேல் போனை வைக்கலாம். வெறும் மேஜையில் படுக்க வைத்தால் மேஜையின் அதிர்வும் பலகையில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

போனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேச்சைப் பதிவு செய்யவே பிறந்த ஜீவன் அது. மெதுவாக வாசித்தால் தானாகவே தூக்கிவிடும். பலமாக வாசித்தால் தலையில் தட்டி உட்கார வைக்கும். ரேஷன் கடை மாதிரி எல்லோருக்கும் ஒரே அளவு! ‘நான் மெல்லிசாகவும் கனமாகவும் மாற்றி மாற்றித்தானே வாசித்தேன், எல்லாம் ஒரே மாதிரி கேட்குதே’ என்று தலையில் கை வைக்காதீர்கள். ஒலியளவை நாமே நிலையாக வைக்கிற வசதி சில ரெக்கார்டிங் ஆப்களில் இருக்கிறது. கையடக்க ரெக்கார்டர் என்றால் இன்னும் நல்லது. மிகப் பலமான இடம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ‘கரகர’தான்.

தந்தி புதிதென்றால் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். நைலான் நாலைந்து நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சுருதி இறங்கிக்கொண்டே போகும். முதல் உருப்படியில் சேர்த்த சுருதி மூன்றாவதில் எங்கே நிற்கிறது என்று ரெக்கார்டிங்கில் பளிச்சென்று தெரியும்.

‘மொதல்லேருந்து வாசிக்கிறேன் சார்’ கிடையாது!

இதுதான் மொத்த விஷயத்துக்கும் உயிர்.

வீட்டில் வாசிக்கும்போது ஒரு இடத்தில் விரல் தடுக்கினால் என்ன செய்வோம்? நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். நூறு தடவை இப்படிச் செய்தால், ‘தடுக்கினால் நிறுத்து’ என்பதையே நூறு தடவை பயிற்சி செய்ததாக ஆகிறது. மேடையில் அது முடியுமா? அறுபது பேரைப் பார்த்து, “ஒரு நிமிஷம், ரீவைண்ட் பண்ணிக்கிறேன்” என்று சொல்ல முடியுமா?

அதனால் பதிவுக்கு ஒரே சட்டம். பட்டனை அமுக்கியாயிற்றா? கடைசி வரை போக வேண்டும். விரல் தடுக்கினாலும், வியர்வை கண்ணில் இறங்கினாலும், காலிங் பெல் அடித்தாலும்! கதவுக்கு வெளியிலிருந்து நடந்து வருவது, உட்காருவது, சுருதி சரிபார்ப்பது, ஒரு மூச்சு, மூன்று உருப்படி, எழுந்து வணக்கம்... எல்லாமே பதிவாக வேண்டும். கடைசி வாரத்தில், மேடையில் போடப்போகிற சட்டையைப் போட்டுக்கொண்டே! (முழுக்கை பட்டன் தந்தியில் உரசுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.)

விசித்திரம் என்னவென்றால், அறையில் யாருமே இல்லாவிட்டாலும், அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை ஈரமாகிறது. ஐந்து நிமிஷம் முன்பு வெண்ணெயாக வழுக்கிய இடம் திடீரென்று கல்லாகிறது. இந்தப் படபடப்பு தொல்லை இல்லை, லாபம்! மேடைப் பயத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வீட்டிலேயே வாங்கித் தின்று பழகிக்கொள்கிறோம். அம்மைக்கு ஊசி போடுகிற மாதிரி.

இன்னொரு உபாயம். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், விரலைச் சூடுபடுத்தாமல் நேராக ஒரு பதிவு. கச்சேரியன்று ஏ.சி. ஹாலில் முக்கால் மணி நேரம் கை விறைத்து உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மேடை ஏறுவோம். அதற்கு ஒத்திகை இதுதான்.

டிரினிட்டி காலேஜ் 2020-லிருந்து, தேர்வை வீட்டிலேயே வீடியோவாக எடுத்து அனுப்புகிற முறையையும் வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அனுப்புவது வெட்டு, ஒட்டு இல்லாத பதிவாக இருக்க வேண்டும். சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘இன்னும் ஒரு தடவை’ என்று ஆரம்பித்தால் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் விவாகரத்துப் பேச்சு வரும்!

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

வாசித்த கையோடு கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் கை சூடாக இருக்கும், மனசும் சூடாக இருக்கும். ஒன்று, எல்லாம் அமிர்தமாகத் தெரியும்; இல்லையென்றால் எல்லாம் நாராசமாகத் தெரியும். நான் மறுநாள் காலை ரயிலில், ஜன்னல் ஓரம் கிடைத்தால், இயர்போனில் கேட்பேன். பைக்குள் நோட்ஸ் தாள், ஒரு பென்சில்.

மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, காலால் தாளம் போட்டபடி காலப்பிரமாணம் மட்டும். சுலபமான இடத்தில் ஓடுகிறோமா, கஷ்டமான இடத்தில் நொண்டுகிறோமா? மனித குலத்தில் பெரும்பாலோர் சுலபமான இடத்தில்தான் ஓடுகிறார்கள். சம்பள நாளில் செலவழிக்கிற மாதிரி!

இரண்டாம் தடவை, நாதம் மட்டும். நகம் தந்தியில் ‘சிக்’ என்கிறதா? இடது கை நகரும்போது தடித்த தந்தியில் ‘கீச்’ வருகிறதா? தடித்த மூன்று தந்திகளில் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியிருப்பதால் விரல் வழுக்கினால் எலி கத்தும். விரலைத் தேய்க்காமல் தூக்கி வைத்தால் எலி ஓடிவிடும்.

மூன்றாம் தடவை, பாட்டு மட்டும். ஃபெர்னாண்டோ ஸோர் (1778-1839) எழுதிய பி மைனர் பயிற்சி ஒன்று உண்டு. ஓபஸ் 35-ல் 22-வது. கேட்க ஓடை மாதிரி இருக்கும். அத்தனை சுரங்களுக்கு நடுவே ஒரு ராகக் கோடு ஓடுகிறது. அது தனியாக மேலே மிதந்து வருகிறதா, அல்லது மற்ற சுரங்களோடு கூட்டத்தில் காணாமல் போகிறதா? வாசிக்கிறவருக்கு அந்தக் கோடு எப்போதும் கேட்கும், ஏனென்றால் அவருக்கு அது மனப்பாடம். கேட்கிறவருக்குக் கேட்கிறதா என்பதை மைக் மட்டும்தான் சொல்லும்.

டிரெமலோ வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு வித்தை. ஃபிரான்சிஸ்கோ டாரகா (1852-1909) எழுதிய அல்ஹாம்பிரா உருப்படி தெரியுமல்லவா... கட்டைவிரல் ஒரு தட்டு, பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். நாலும் சமமாக விழுந்தால் தண்ணீர் வழிகிற மாதிரி. சமமில்லாவிட்டால் நொண்டிக் குதிரை. வேகத்தில் காதை ஏமாற்றிவிடும். பதிவைப் பாதி வேகத்தில் ஓட விடுங்கள். எந்த விரல் ஓ.பி. அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேட்டு முடித்து, தாளில் மூன்றே மூன்று இடத்தில் வட்டம் போட வேண்டும். முப்பது இடம் கண்ணில் படும். மூன்றோடு நிறுத்த வேண்டும். அந்த வாரம் அந்த மூன்றுக்கு மட்டும் வேலை. தினம் அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கிற ஆபீஸ் ஆசாமிக்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

அழிக்காதீர்கள்

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் சீரியஸ் சமாச்சாரம்.

என் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், எனக்கு முன்பே கிதார் ஆரம்பித்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்ல கிதார் வாங்கினார். ஒரு நாள் தன் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் கிதார் பரண் மேல் ஏறிவிட்டது. “நான் வாசிச்சது இதுவா? இத்தனை நாள் இதையா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்?” என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் தொடவில்லை. அவருக்கு அப்படி ஒன்றும் கை போகவில்லை, ஆசைதான் செத்துப்போனது.

ரெக்கார்டர் நிஜத்தைத்தான் சொல்கிறது. ஆனால் பாதி நிஜம். இன்றைக்கு எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். எங்கிருந்து வந்தோம் என்று சொல்லாது. அதைச் சொல்ல இரண்டாவது பதிவு வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முதல் பதிவை அழிக்காதீர்கள். எவ்வளவு மோசமாக இருந்தாலும் தேதி போட்டு வையுங்கள்.

அந்த நண்பரைத் திரும்ப இழுத்து வந்ததும் அப்படிப்பட்ட ஒரு பதிவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் என் ஒன்றாம் நம்பர் பதிவைப் போட்டுக் காட்டினேன். பிறகு பதினெட்டாம் நம்பர். டாரகாவின் ‘லாக்ரிமா’, ஒரே பக்க உருப்படி. பெயருக்கு அர்த்தம் கண்ணீர்த்துளி. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“இது ரெண்டும் ஒரே ஆளா?”

“ஒரே ஆள், ஒரே கிதார். நடுவுல நாலு வாரம்.”

அன்று சாயந்திரம் அவர் பரண் ஏணியைத் தேடியதாக அவர் வீட்டு அம்மா சொன்னார்.

பதிவு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்குப் பராகுவே நாட்டு அகுஸ்தின் பாரியோஸ் (1885-1944) ஒருவரே போதும். 1910-களிலேயே இசைத்தட்டுக்கு வாசித்த கிதார் கலைஞர் அவர். அவருடைய உருப்படிகள் சிலவற்றை, கீறலும் இரைச்சலுமான அந்தப் பழைய தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பின்னால் வந்தவர்கள் எழுதி எடுத்தார்கள். 1977-ல் ஜான் வில்லியம்ஸ் அவருடைய இசைக்கென்றே ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். உலகம் அவரைத் திரும்பக் கண்டுகொண்டது.

கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட், 1964-ல், முப்பத்தொன்றாம் வயதில், மேடைக் கச்சேரிக்கே முழுக்குப் போட்டார். இனி ஸ்டூடியோ மட்டும்தான் என்று 1982-ல் இறக்கும் வரை அப்படியே இருந்தார். வெட்டி ஒட்டிச் செம்மையாக்குவது அவருக்குக் கலை. அவர் மேடையிலிருந்து மைக்குக்குப் போனவர். நாம் மைக்கிலிருந்து மேடைக்குப் போகிறவர்கள். நமக்கு மைக் ஒரு படிக்கட்டு. அங்கேயே குடித்தனம் நடத்தக் கூடாது.

ஆகவே, கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் தெரிகிற குறையைச் சரி செய்ய நேரம் கிடையாது. வீண் கவலைதான் மிஞ்சும். அன்றைக்குப் போனை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது பேரும் நம் தப்பைக் குறித்துக்கொள்ளப் பென்சிலோடு வந்தவர்கள் இல்லை. ஆபீஸ் முடிந்து, டிராபிக்கில் நீந்தி, நாலு நல்ல சுரம் காதில் விழாதா என்று வந்தவர்கள்.

எங்கள் கச்சேரியும் நடந்தது. பன்னிரண்டு நிமிஷம், நிறுத்தாமல். கீழே இறங்கியதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“ரொம்ப நன்னா இருந்துது தம்பி. அடுத்த தடவை ராஜா பாட்டு ஒண்ணு சேர்த்துக்கோங்கோ!”